கண்டக்டர் முகத்துக் கோடுகள்

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதி என் தங்கையுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மழைக்கு ஒதுங்குகிறவள் மாதிரி ஒரு மேசையோடு உள்ளே வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. முன்பக்கம் நான் கண்ணாடி விற்கிறேன், பின்பக்கம் சின்னவள் முகம் வரைகிறாள். வருகிறவர்கள் சுவர் முழுக்க மாட்டியிருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்துபோகிறார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன். படுக்கவில்லை. அதனால் பேசாமல் இருக்கிறேன்.

பேசாமல் இருக்கிறேன் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. என் வாய் சும்மா இருக்காது என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அவள் வரையும்போது மட்டும் எனக்குப் பேச்சு வராது. முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்துப் பிறகு மையில் போடுகிற பழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. எடுத்த எடுப்பில் மைப்பேனாதான். மேல் இமையில் ஆரம்பிப்பாள். மயிரிழை மாதிரி கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், குறுக்கே, மறுபடி குறுக்கே. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத்தாளில் ஒரு கன்னம் உருண்டு வரும். மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் பாஸ்டல் பென்சில்களைத் தொடுவாள். பார்க்கத்தான் அது பென்சில், உள்ளே இருப்பது சாக்பீஸ் மாதிரி பொடிகிற வண்ணம். கைதவறிக் கீழே விழுந்தால் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகும். குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தோடு ஒவ்வொன்றையும் பிளேடால் சீவுவாள். வண்ணப்பொடியின் மேல் பேனா போனால் முனை அடைத்துக்கொள்ளும், அதனால் வண்ணம் போட்ட பிறகு மையில் திருத்தவும் முடியாது. போட்ட கோடு போட்டதுதான்.

"பயமா இல்லையாடி உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பயமாத்தான்க்கா இருக்கு. அதனாலதான் பக்கத்துல நின்னு பேசாதேங்கறேன்."

நான் யாரையும் லேசில் மெச்சிக்கொள்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதைகதையாகச் சொல்வார். ஆனாலும் சொல்கிறேன், அவள் கையில் இருக்கிற வித்தையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

டெய்லரம்மா கடைக்கு வந்தது ஒரு மத்தியான நேரத்தில். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருந்தவர். பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரர், கையைப் பிடித்துக்கொண்டு படியேற்றிக் கூட்டி வந்தார். ஓய்வு பெற்று எவ்வளவு காலம் ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். டெய்லரம்மாவின் விழித்திரையில் நடுப்பகுதி தேய்ந்துபோய்விட்டது. ஓரத்துப் பார்வை மட்டும் கொஞ்சம் மிச்சம். எந்தக் கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. புதுசாக ஏதாவது வந்திருக்கும் என்று வருஷா வருஷம் என் கடைக்கு வருவார். நானும் வருஷா வருஷம் இல்லை என்று சொல்வேன். இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத வேலை அது ஒன்றுதான்.

அன்றைக்கும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு காதைத் திருப்பி, "அது என்ன, கரக்கரக்குன்னு ஒரு சத்தம்?" என்றார்.

"என் தங்கச்சிம்மா. மூஞ்சி வரைஞ்சிட்டிருக்கா."

"பேனாவுலயா? அப்ப கறுப்பா, அழுத்தமா இருக்கும் இல்ல?" அந்த அம்மா நாற்காலியைத் தடவிக்கொண்டே என் தங்கை பக்கம் திரும்பினார். "அம்மாடி, நேரா பாத்தா எனக்கு எல்லாத்துமேலயும் கட்டைவிரலை வச்சு மறைச்சாப்புல இருக்கும். ஓரமா பாத்தா கொஞ்சம் தெரியும். பஸ்சு தெரியும், கதவு தெரியும். மொகம் மட்டும் தெரியவே தெரியாது. இவர் மொகத்தப் பாத்து ஆறேழு வருஷமாச்சு. பெருசா, அழுத்தமா வரைஞ்சா எனக்குத் தெரியுமா?"

கண்டக்டர் குறுக்கே வந்தார். "இந்த மூஞ்சிய அப்படி என்னத்துக்குப் பாக்கணும்? பாத்த வரைக்கும் போதாதா?"

"நீங்க சும்மா இருங்க. இருக்கறதும் தேய்ஞ்சுக்கிட்டே போகுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த வருஷம் பஸ்சே தெரியுமோ தெரியாதோ. அதுக்குள்ள ஒரு தடவை பாத்துக்கறேன்."

என் தங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "தெரியும்மா. நான் வரைஞ்சு தரேன்," என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் பிடிபிடியென்று பிடித்தேன். "டாக்டருங்களே கைய விரிச்ச எடத்துல நீ யாருடி வாக்கு குடுக்க? தெரியலைன்னா அந்தம்மா மனசு என்ன பாடுபடும், யோசிச்சியா?" அவள் அதற்குள் பெரிய தாளாகத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

கண்டக்டர் வந்து உட்கார்ந்தார். சாதாரணமாகப் போடுகிற தாளைவிட மூன்று மடங்கு பெரிய தாளில் அவர் முகத்தை வரைந்தாள். அவள் வரைந்ததிலேயே அதுதான் உச்சம் என்று இன்றைக்கும் சொல்வேன். காது மடலில் ரோமம், கண்ணோரத்து ஈரம், காலமெல்லாம் பேருந்து ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கொஞ்சம் கறுத்திருப்பது, எல்லாம் இருந்தது. தோலுக்கு மட்டும் பழுப்பிலும் மஞ்சளிலும் ஏழெட்டுப் பென்சில் மாற்றினாள். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கண்டக்டரே, "டிக்கெட் எடுக்காம எறங்கிட்டேன்னு என்னையே திட்டற மாதிரி பாக்குதும்மா," என்றார்.

டெய்லரம்மா வந்தார். படத்தின் முன்னால் உட்காரவைத்தோம். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கிட்டே போனார், பின்னால் வந்தார்.

"சாம்பல் பூசினாப்புல இருக்கும்மா," என்றார் கடைசியில். பிறகு அவரே, "பரவால்ல. ரொம்ப அழகா இருக்குன்னு இவர் சொல்றாரு. எனக்கு அதுவே போதும்," என்றார். போகும்போது என் தங்கையின் கையைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

என்ன தப்பு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, கண் சம்பந்தப்பட்ட தொழில் இல்லையா. முகத்தைப் பெரிதாக்கியவள் கோட்டைப் பெரிதாக்கவில்லை. அதே மயிரிழைக் கோடுகள்தான், எண்ணிக்கைதான் கூடியிருந்தது. நல்ல கண்ணுக்கு அது நிழல். டெய்லரம்மாவின் கண்ணுக்கு அது வெறும் புகை. எந்தக் கோட்டுக்காக ஊரே அவளைக் கொண்டாடுகிறதோ அந்தக் கோடே அவளுக்குக் குழி பறித்துவிட்டது. சொல்லிக்காட்டலாம் என்றுதான் அவள் மேசைப் பக்கம் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து கூட்டி முடிப்பதற்குள் வந்து நின்றாள். "அக்கா, பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு குடு. கொஞ்சம் வாசலினும் வேணும்."

"எதுக்கு?"

"குடேன்."

கொடுத்தேன். நான் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் கண்ணாடியின் நட்டநடுவில், இரண்டு பக்கமும், கட்டைவிரலால் வாசலினை அப்பினாள். அதை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, உனக்கு மூஞ்சியே இல்ல."

"இருந்தப்ப மட்டும் நீ மரியாதை குடுத்து வச்சியாக்கும்."

அவள் சிரிக்கவில்லை. நடுவில் மறைப்பதால், வேறெங்கோ பார்ப்பதுபோல் கண்ணை ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். டெய்லரம்மா பார்ப்பது அப்படித்தான். அந்தக் கண்ணாடியோடேயே வேலை பார்க்க ஆரம்பித்தாள். தண்ணீர் எடுக்கப் போனால் பானையில் இடித்துக்கொள்வாள், வாடிக்கையாளர் காலை மிதிப்பாள், ஆனால் கழற்ற மாட்டாள். மெல்லிய பேனாக்கள் எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போய்விட்டன. விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் பட்டை முனைப் பேனாக்களை வாங்கி வந்தாள். சுண்டுவிரல் தடிமனுக்குக் கோடு. தோல் நிறத்துப் பென்சில்களும் போயின. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழுப்பும் மஞ்சளும் ஒன்றோடொன்று கலந்து கஞ்சியாகிவிடுகிறதாம். ஆரஞ்சும் ஆழ்ந்த நீலமும்தான் நின்றன.

பேனாவைத் தடியாக்குவது பெரிய காரியம் இல்லை. அவ்வளவு தடித்த கோடு என்றால் ஒரு முகத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இடம் இருக்காது. ஆயிரம் கோட்டில் சொன்னதை இனிப் பத்தில் சொல்ல வேண்டும். எந்தப் பத்து என்பதுதான் கேள்வி. அதற்காக அவள் கிழித்துப் போட்ட தாளை அள்ளி அள்ளியே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

இந்த நேரத்தில்தான் கண்டக்டர் தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். கன்னம் நிறைந்த ஆள். கறுகறுவென்று முடி, அடர்த்தியான மீசை.

"இந்த ஆளை வரைஞ்சு குடுத்துடும்மா," என்றார்.

"இது யாரு?" என்று வாயைக் கொடுத்தேன்.

"நான்தான். நல்லாப் பாத்துக்கங்க, அப்புறம் நம்ப மாட்டீங்க." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "கண்ணு போறதுக்கு முன்னாடி அவ பாத்த ஆளு இவன்தான். அவ மனசுல இன்னும் இப்படியேதான் இருக்கேன். அதுக்கப்புறம்தான் நான் ஒரேயடியா இறங்கிப் போனேன். காலையில ஷேவ் பண்றப்ப, யாருடா இந்தக் கெழவன்னு எனக்கே தூக்கிவாரிப் போடுது. இதை அவ ஏன் பாக்கணும்? பாக்கறதே ஒரு தடவைதான். நல்லதா பாக்கட்டுமே."

"கையால தொட்டாலே தெரிஞ்சிருக்குமே ஐயா," என்றேன்.

"கை வழியா வர்றது மெதுவா வரும்மா. கண்ணு வழியா வர்றது பொளேர்னு வரும்."

எனக்கு அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. என் தங்கையிடம் கண்ணைக் காட்டினேன், செய்து கொடுத்துவிடு என்று. அவளும் மறுக்கவில்லை. போட்டோவை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு, வாசலின் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, பட்டைப் பேனாவை எடுத்தாள். தலைமுடிக்கு ஒரு கறுப்பு. மீசைக்கு ஒரு கறுப்பு. அதோடு பேனா நின்றுவிட்டது. இன்னொரு தாள் எடுத்தாள், அதிலும் அங்கேயே நின்றது.

"என்னாச்சு?"

"இதுல கோடே இல்லக்கா." கண்ணாடியைக் கழற்றாமலே பேசினாள். "வழவழன்னு இருக்கு. வழவழப்ப மெல்லிசாத்தான் போட முடியும். மெல்லிசாப் போட்டா அந்தம்மாவுக்குத் தெரியாது. மீசை தெரியுது, முடி தெரியுது. யாரோ ஒரு மீசை."

கண்டக்டர் போட்டோவை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. என் தங்கை வேறு பக்கம் பார்ப்பவள்போல் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"ஐயா, அப்படியே இருங்க. அசையாதீங்க."

அவர் நீட்டிய கையோடு நின்றார்.

"தெரியறீங்க," என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. "நெத்தியில மூணு கோடும் தெரியுது. மூக்குலேருந்து வாய்க்கு எறங்கறது ரெண்டும் தெரியுது. கண்ணுக்குக் கீழ தொங்கறது தெரியுது. இத்தனை அழுத்தமா இருக்கே, இதத்தான நான் இத்தனை நாளாத் தேடறேன்."

"அதெல்லாம் சுருக்கம்மா," என்றார் கண்டக்டர்.

"அதேதான் ஐயா. உங்க சுருக்கத்தப் பெருசாப் போட்டா மட்டுந்தான் அவங்களுக்குத் தெரியும். இந்தப் போட்டோவுல இருக்கறவர அவங்களால பாக்கவே முடியாது. இப்ப இருக்கற உங்களத்தான் பாக்க முடியும்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். "ஆனா உங்க மொகம். நீங்க வேணாம்னா நான் வரைய மாட்டேன்."

கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. போட்டோவைப் பார்த்தார், என் கடைச் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பைக்குள் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து சீப்பை எடுத்து இருக்கிற நாலு முடியை வாரிக்கொண்டார்.

"ரைட்," என்றார், டிரைவருக்குச் சொல்வதுபோல.

அன்றைக்கு அவள் வரைந்ததைப் பார்க்க நான் கடையை அடைத்தேன். வந்த இரண்டு பேரைக் கதவுக்கு வெளியிலிருந்தே நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆளுயரத் தாளை நிறுத்திவைத்து, அதன் முன்னால் நெடுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள். பிறகு ஒரே கோடு. நெற்றியின் இந்த முனையில் தொடங்கி அந்த முனைவரை, நடுவில் ஒரு சின்ன வளைவோடு. கை எங்கேயும் நிற்கவில்லை. அடுத்தது மூக்கோரத்திலிருந்து வாய்க்கு. மயிரிழைக் கோட்டிலேயே காலம் தள்ளியவள், ஒரு கோட்டில் ஒரு கன்னத்தையே சாய்த்துக் காட்டினாள். தோள்பட்டையிலிருந்து வந்தது அந்தக் கோடு. என் அம்மா வயிற்றில் என்னோடு பிறந்தவளா இவள் என்று இருந்தது.

மை காய்ந்த பிறகு ஒரு பக்கத்துக்கு ஆரஞ்சு, நிழல் பக்கத்துக்கு நீலம். "மனுஷனுக்கு நீலக் கன்னமாடி?" என்றேன், அடக்க முடியாமல். அவள் வாசலின் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. கண்ணை ஓரத்துக்கு ஒதுக்கினேன். அங்கே கண்டக்டர் இருந்தார். களைத்துப்போய், கொஞ்சம் குறும்போடு, சில்லறை இல்லையா என்று கேட்கப்போகிறவர்போல. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிஜக் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தேன், அவர் வெறும் மங்கலாகத் தெரிந்தார். கண்ணாடி சரியில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

டெய்லரம்மா மறுநாள் வந்தார். எதற்கும் ஆசைப்படக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருப்பது நடையிலேயே தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். கண்டக்டர் அவர் பக்கத்தில் நிற்காமல் கதவோரம் போய் நின்றுகொண்டார், ஓடிவிடத் தயாராக.

"கோழி மாதிரி பாக்கறேன்னு இவர் கிண்டல் பண்ணுவாரு," என்று சொல்லிக்கொண்டே தலையைச் சாய்த்தார் அந்த அம்மா. கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் அந்தப் பக்கம். என்னவோ தட்டுப்பட்டு அங்கேயே நின்றார்.

"காது," என்றார். "இது இவர் காதுதான்."

அவர் தலை மெல்ல மெல்லத் திரும்பியது. நெற்றிக்குப் போனது, கீழே இறங்கியது, வாயிடம் வந்து நின்றது. அவர் விரல் காற்றிலேயே ஒரு கோட்டைப் பின்தொடர்ந்து போனது, துணியில் தையலைப் பார்ப்பதுபோல. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"என்னங்க," என்றார் டெய்லரம்மா. "நீங்க மாமா மாதிரியே ஆயிட்டீங்களே."

கண்டக்டர் நிமிர்ந்தார். "அப்பா மாதிரியா?"

"அச்சு அசல் மாமாதான். அதே மாதிரி வாயை ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு." அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளாமலே பார்த்தார். "வயசாயிடுச்சுங்க உங்களுக்கு. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் பாட்டுக்குத் தினமும் யாரோ ஒரு மீசைக்காரனுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்," என்றார் கண்டக்டர்.

"எனக்கென்ன கஷ்டம்? நல்லா இருக்கீங்க. இப்பத்தான் நீங்க பேசறதும் மொகமும் ஒண்ணா இருக்கு." மறுபடி படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டார். கை மெதுவாக மேலே போய்த் தன் கன்னத்தைத் தொட்டது. வாயோரத்தைத் தொட்டது.

"அப்ப நானு?" என்றார்.

"நீ அப்படியேதான் இருக்க," என்றார் கண்டக்டர், கேட்டு முடிப்பதற்குள்.

"உங்களக் கேக்கல."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டார். என் தங்கை நிற்கும் திசையை ஓரக்கண்ணால் தேடிக் கண்டுபிடித்தார்.

"அம்மாடி," என்றார். "வெளிச்சம் எங்க விழுது? நான் எங்க உக்காரணும்?"